கருமலையான் அண்ணன் பேசமாட்டார்

போனோட ரப்பர் உறையில இருந்து ஒரு வாடை வந்துட்டே இருந்துச்சு. வேர்வை, மத்தியானம் தின்ன சாம்பார் சாதத்தோட பிசுக்கு, கையிலயே கிடந்து சூடேறின ரப்பர், எல்லாம் சேர்ந்த வாடை. மல்லீஸ்வரி உறையைக் கழட்டி நைட்டியில துடைச்சுட்டு மறுபடி மாட்டினா. வாடை போகலை. எங்கே போகும், ரெண்டு வருஷமா இந்தக் கை போனைக் கீழ வச்சாத்தானே. அறையில ஷீபா தூங்குறா. ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்த நர்ஸ், ஃபேன் சத்தத்துக்கு மேல ஒரு சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு உட்கார்ந்துக்குவா, அப்புறம் அவ மூஞ்சியைப் பார்க்க முடியாது. அதனாலதான் மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டுல வந்து உட்கார்ந்தது. வேலைக்குப் போற பொம்பளைங்க ஹாஸ்டல், பீளமேடு, ஞாயித்துக்கிழமை மத்தியானம். மூணு மாடிக்கும் சேர்த்து ஒரே சோப்பு நாத்தம். படிக்கட்டுச் சுவத்துல வார்டன் அம்மா ஒட்டி வச்ச அறிவிப்பு, உள்ளாடைகளை மேலே துண்டு போட்டு மூடித்தான் காயப்போட வேண்டும்னு. மொட்டை மாடிக்கு வந்து எவன் பார்க்கப் போறான், காக்காயா பார்க்கும்? ஆனா இவளும் மூடித்தான் போட்டிருக்கா. மூடிப் போட்டதால காயவே காயாம ஈரநாத்தம் அடிக்குது, அந்த ஈரத்தோடவே நாளைக்கு உடுத்திட்டு மில் ஆபீசுக்குப் போகணும். நினைச்சாலே உடம்பு கூசுது. போன் விளையாட்டுல கோட்டை முற்றம் தெரிஞ்சுது. செங்கல் நிறத்துல வானம், எரியுற பந்தம், அதுக்கு நடுவுல கோடாலியைத் தோள்ல சாத்திக்கிட்டு கதவு அகலத்துக்கு மாரும் தொப்புள் வரைக்கும் தாடியுமா ஒருத்தன் நின்னான். கருமலையான். இந்தக் கூட்டத்துக்குத் தலைவன். அது இவதான். முப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகலை, நூல் மில்லுல பில் போடுற வேலை, தைராய்டு மாத்திரை, இடது கால்ல பித்தவெடிப்பு. அது எதுவும் அவனுக்குக் கிடையாது. அவனுக்குக் கோடாலி இருக்கு.

முற்றத்துல ஒவ்வொருத்தனா வந்து சேர்ந்துட்டிருந்தான். நாலு மணிக்குக் கோட்டைச் சண்டை. ஊர் ஊரா, நாடு நாடா இருந்து வர்ற தமிழ்ப் பசங்க கூட்டம் இது, இதுக்கு கில்டுன்னு பேரு. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை இன்னொரு கில்டோட மோதிக் கோட்டையைப் பிடிக்கணும், இல்ல பிடிச்சதைக் காப்பாத்தணும். அதெல்லாம் சரி. ஆனா சண்டைக்கு முன்னாடி இன்னிக்கு இன்னொண்ணு இருக்கு. தும்பைக்குக் குரல் சோதனை. தும்பைங்கிறது ஒரு பொண்ணு, போன மாசம் சேர்ந்தவ, நாமக்கல் பக்கம் காலேஜுல படிக்கிறா, காயம்பட்டவங்களுக்கு மருந்து போடுற வைத்தியக்காரியா ஆடுறா, நல்லா ஆடுறா. அவ தனியா இவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தா. இவளுக்கா, கருமலையானுக்கு. அண்ணா, எனக்குப் பயமா இருக்கு, பதிவு பண்ணுவாங்கன்னு சொல்றாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க அண்ணா. இதை எத்தனை தடவை படிச்சாச்சு. படிச்சு முடிச்சு விரலை எடுத்தா மறுபடி விரல் அங்கேயே போகுது, பல்லுல சிக்கின நாரை நாக்கு தேடுற மாதிரி. ஒரு வார்த்தை. என்ன வார்த்தை, யாரு குரல்ல.

இந்தக் குரல் சோதனை எப்படி வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் நியாயம்தான் சொல்லுவானுங்க. ஆம்பளைப் பசங்க பொம்பளை வேஷம் கட்டிக்கிட்டு உள்ள வந்து, ஏமாந்தவன்கிட்டக் குதிரையும் கவசமும் கறந்துட்டுப் போறானுங்களாம், அதைத் தடுக்கணுமாம். அதனால பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க முற்றத்துல எல்லார் முன்னாடியும் மைக்கைத் திறந்து ஒரு பாட்டு பாடணும். ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டு வர்றவன் ஒண்ணும் பாட வேண்டாம், அவனை யாரும் கேக்கறதில்லை. கேட்டிருந்தா இவ மாட்டியிருப்பா, அது வேற கதை. பாடி முடிச்சதும் மார்க் போடுவானுங்க. குரலுக்கு மட்டுமா போடுறானுங்க? குரலை வச்சே ஆள் எப்படி இருப்பா, கலர் என்ன, கட்டை என்ன, இடுப்பு என்னன்னு ஒவ்வொருத்தனும் தன் வாயில ஊறினதை எல்லாம் எழுதுவான். போன மழைக்காலத்துல ஒருத்தி பாடினா. பாதியில குரல் உடைஞ்சு இருமிட்டா, பாவம். அந்த இருமலைப் பதிவு பண்ணி, வெட்டி ஒட்டி, வேற என்னவோ சத்தம் மாதிரி ஆக்கி, ஒவ்வொரு தடவை எதிரி சாகும்போதும் போட்டுச் சிரிச்சானுங்க. அவ நாலஞ்சு நாள் இருந்து பார்த்தா, அப்புறம் வரவே இல்லை. அந்தச் சத்தத்தை முதல் தடவை போட்டப்போ வரிசையா எல்லாரும் சிரிக்கிற மூஞ்சி போட்டானுங்க. வரிசையில கருமலையானும் போட்டான். இந்தக் கட்டைவிரல்தான் போட்டுச்சு, இதோ, நகக்கண்ணுல மஞ்சள் ஏறிக் கிடக்குற இதே விரல். போடாட்டி என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. அண்ணன் எங்கேயோ போயிட்டாருன்னு நினைச்சிருப்பானுங்க. ஆனா போட்டாச்சு. அன்னிக்கு வாய் விட்டுக் கூடச் சிரிச்சாளோ? ஷீபா, என்னடி சிரிக்கிறேன்னு கேட்ட ஞாபகம். ச்சீ. அந்த ஞாபகம் சாக்கடையில மாட்டின முடிக்கத்தை மாதிரி, இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு.

மொதல்ல இவளும் பொம்பளையாத்தான் உள்ள வந்தா. அது யாருக்குத் தெரியும். வில்லு வச்ச ஒரு பொண்ணு, செங்காந்தள்னு பேரு வச்சிருந்தா. பேரை யோசிக்கவே அன்னிக்குச் சாயங்காலம் பூரா ஆச்சு, எத்தனை ஆசையா வச்ச பேரு. அந்த விளையாட்டுல பொம்பளைக்குக் குடுக்குற கவசத்தைப் பார்த்திருக்கீங்களா, மாருக்கு ஒரு தகடு, இடுப்புக்கு ஒரு தகடு, நடுவுல எல்லாம் காத்தோட்டம். அதே கவசம், அதே லெவல், ஆம்பளை போட்டா கழுத்துல இருந்து கணுக்கால் வரை இரும்பு. சரி, பொம்மைதானேன்னு விட்டா, ஊருக்குள்ள நடக்க முடியலை. ஒருத்தன் எதிர்ல வந்து குனிஞ்சு நிக்கிறான். ஒருத்தன் பின்னாடியே வர்றான், எங்கே போனாலும் வர்றான், கடைக்குள்ள போனா வாசல்ல நிக்கிறான். ஒருத்தன் குதிரை வேணுமான்னு கேட்டான், வேண்டாம்னா, பெரிய இவளா நீன்னு திட்டினான். நம்பர் கேட்காதவன் கிடையாது. ஆபீஸ் விட்டு வர்ற டவுன் பஸ்ஸுல இருந்து தப்பிச்சு, கதவைச் சாத்திக்கிட்டு, நாலு சுவத்துக்குள்ள போனைத் திறந்தா அதுக்குள்ளயும் அதே டவுன் பஸ். அதே உரசல், உடம்பு மட்டுந்தான் இல்லை. உடம்பு இல்லாமலே எப்படி உரசுவானுங்கன்னு இவளுக்கு ஆச்சரியமாக்கூட இருந்துச்சு. ஒரு நாள் செங்காந்தளை அழிச்சா. நிச்சயமா அழிக்கவான்னு போன் கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கினா. அந்த நிமிஷமே, இருக்குறதுலயே பெரிய மாரும் பெரிய தாடியும் தேடி எடுத்தா. அன்னிக்குச் சாயங்காலம் கருமலையான் முதல் தடவை ஊருக்குள்ள நடந்தான். ஒருத்தன் பின்னாடி வரலை. வழி விட்டானுங்க. நடக்க நடக்க இவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ஒரு தெருவுல சும்மா நடக்குறதுக்கு, வெறும் நடை, அதுக்கு அழுகை வருமா ஒருத்திக்கு? வந்துச்சு.

அப்புறம் அண்ணா ஆயிட்டா. இதுதான் வயித்தைப் பிரட்டுற விஷயம், மத்ததெல்லாம் கூடப் பரவாயில்லை. அண்ணா எந்தப் பக்கம் போகணும், அண்ணா நீங்க சொன்னா சரிதான், அண்ணா இல்லாம இன்னிக்குச் சண்டை இல்லை. மில்லுல இவ போட்ட பில்லை மேனேஜர் படிக்காமக் கையெழுத்துப் போட்டுத் தூக்கிப் போடுவாரு, தப்பு வந்தா மட்டும் இவளைத் தேடுவாரு. இங்கே இவ வரைபடத்துல ஒரு புள்ளி வச்சா முப்பது நாப்பது பேர் அந்தப் பக்கம் ஓடுறானுங்க. இனிச்சுது. அதைச் சொல்ல வெட்கம் என்ன, இனிச்சுதுதான். அந்த இனிப்புக்காகத்தான் பேச்சு எங்கே போனாலும் பொறுத்துக்கிட்டா. பொம்பளைங்க யாரும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு ஆம்பளைங்க பேசுற பேச்சை ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கா. கேட்டுட்டுக் காதைக் கழுவணும். தன்னோட ஆபீஸ்காரியை, எதிர்வீட்டுக்காரியை, பஸ்ஸுல பக்கத்துல நின்னவளை, எவளையும் விட்டு வைக்க மாட்டானுங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்குறோம் அண்ணே, வேண்டிக்குங்கன்னு எழுதினவனே அடுத்த வரியில இதையும் எழுதுவான். ரெண்டும் ஒரே கை. மாசத்துக்கு மூணு நாள் இவ வயித்துல சுடுதண்ணிப் பை வச்சுக்கிட்டு உட்கார்ந்து, அவனுங்க அந்த மூணு நாளை வச்சு அடிச்ச ஜோக்குக்கும் சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கா. போட்டாளா இல்லையா? போட்டா. அப்ப இவ யாரு? கருமலையானா, மல்லீஸ்வரியா, இல்ல அந்தக் கட்டைவிரல் மட்டுந்தானா?

இவங்ககிட்ட நல்லதே இல்லையான்னா, அதுவும் இருக்கு, அதனாலதான் இன்னும் குமட்டுது. கருமலையான் மைக்கே திறக்கறதில்லை. ஷீபா தூங்குவா, வார்டன் வருவா, எல்லாத்துக்கும் மேல குரல். அதனால சண்டை நேரத்துல வரைபடத்துல புள்ளி வச்சே கட்டளை போடுவா. சிவப்புப் புள்ளின்னா அடி, நீலப் புள்ளின்னா நில்லு, ரெண்டு தடவை தட்டினா பின்வாங்கு. ஒரு நாள் மின்னல்னு ஒரு பையன், அரபு நாட்டுல, தம்மாம்ல ஏசி மெக்கானிக்கு, தனியா வந்து ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டான், அண்ணே தப்பா நினைக்காதீங்க, உங்களுக்குப் பேச்சு வராதான்னு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம இவ சும்மா இருந்தா. சும்மா இருந்ததையே ஆமான்னு எடுத்துக்கிட்டான். அப்புறம் அதைப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கணுமே. புதுசா வந்த ஒருத்தன், தலைவர் என்ன வாயில கொழுக்கட்டையான்னு எழுதினான், அடுத்த நிமிஷம் எல்லாரும் சேர்ந்து அவனை வெளிய தள்ளிட்டானுங்க. மின்னல் எல்லாருக்கும் புள்ளி பாஷை சொல்லிக் குடுத்தான். எங்க சித்தப்பாவும் இப்படித்தான் அண்ணே, அவருக்கு இருக்குற அறிவு ஊர்ல எவனுக்கும் கிடையாதுன்னு எழுதினான். அதைப் படிச்சுட்டு இவ பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. ஊமை அண்ணன்கிட்டக் காட்டுற மனசு, இருமின பொண்ணுகிட்ட எங்கே போச்சு? ஒரே பையன்தானே ரெண்டுக்கும்? மின்னலும் அன்னிக்குச் சிரிக்கிற மூஞ்சி போட்டவன்தான். இவளுக்கு முன்னாடி வரிசையில அவன் பேரு இருந்துச்சு.

முற்றத்துல கழுகு வந்துட்டான். அவன்தான் ரெண்டாவது ஆளு, மதுரைப் பக்கம், வட்டிக்கு விடுற ஏதோ கம்பெனியில வேலை. சோதனையை நடத்துறதும் அவன்தான், பதிவு பண்றதும் அவன்தான். தும்பை சோதனைக்கு வராமப் போனா அவ ஃபிராடுன்னு அர்த்தம், அவ காலேஜோட நெட் பக்கம் எதுன்னு எனக்குத் தெரியும், இங்கே ராத்திரி பகலா ஆம்பளைங்களோட என்னென்ன பேசுறான்னு அங்கே போட்டோ புடிச்சுப் போட்டுருவேன்னு காலையிலயே எழுதியிருந்தான். அதுக்கும் சிரிக்கிற மூஞ்சி வரிசை. வெளிய தூக்கிப் போடலாமே அவனை, தலைவன்தானே நீ? முடியாது. சண்டை நாள் அன்னிக்குக் காலையில இருந்து சண்டை முடியுற வரைக்கும் கில்டுல யாரையும் சேர்க்கவும் முடியாது, வெளிய அனுப்பவும் முடியாது. விளையாட்டோட சட்டம். நேத்தே செஞ்சிருக்கணும். நேத்து சனிக்கிழமை, ஷீபாவோட கடைக்குப் போயி ரெண்டு மணி நேரம் நின்னு ஒரு பக்கெட் வாங்கிட்டு வந்தா. பக்கெட் வாங்க இருந்த நேரம் இதுக்கு இல்லாமப் போச்சு. இல்ல, நேரம் இருந்துச்சு. தைரியம் இல்லை. தும்பையோட செய்தி சனிக்கிழமையே வந்துச்சுங்கிறதை இப்ப மறுபடி மறுபடி நினைக்காம இருக்கத்தான் இந்தப் பக்கெட்டை நினைக்கிறா.

எழுதினா. எழுதாம இல்லை. சோதனை வேண்டாம், அந்தப் பொண்ணு நிஜம், நான் பொறுப்புன்னு கருமலையான் தலைக்கு மேல எழுத்து வந்துச்சு. அப்பாடான்னு இவ மூச்சு விட்டு முடிக்கல, ஒருத்தன் ஓஹோன்னு எழுதினான். அண்ணன் பொறுப்பாம்ல. பொண்ணு நிஜம்னு அண்ணனுக்கு எப்படித் தெரியுமாம். அண்ணன் ஏற்கெனவே சோதனை பண்ணிட்டாரு போல. கழுகு எழுதினான், அண்ணன் துண்டு போட்டுட்டாருடா, எல்லாரும் தள்ளி உட்காருங்க. உடனே தும்பையைச் சுத்தி நின்னு ஒவ்வொருத்தனும் அண்ணி அண்ணின்னு குனிஞ்சு கும்பிட ஆரம்பிச்சுட்டானுங்க. விளையாட்டுல கும்பிடறதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்கி அமுக்கி. நடுவுல தும்பை வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு அசையாம நின்னா. அசையாம நிக்கிறான்னா அந்தப் பக்கம் அவ போனைக் கீழ வச்சுட்டாளா, கையில வச்சுக்கிட்டு அழறாளா, எப்படித் தெரியும். இல்லைடா, தப்பாப் பேசாதீங்கன்னு இவ எழுதினா. பாரு, அண்ணனுக்குக் கோவம் வருது, அப்ப உண்மைதான்னு எழுதினானுங்க. இன்னும் எழுதினா இன்னும் உண்மையாகும். ஆம்பளை ஒருத்தன் ஒரு பொண்ணுக்காகப் பேசினா இவனுங்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும், வேற காரணமே கிடையாது. ச்சீ, என்ன ஜென்மம்டா இது. இவ எழுதுற ஒவ்வொரு எழுத்தும் அந்தத் தாடிக்குள்ள இருந்து வருது. அந்தத் தாடியில இருந்து வர்றது எதுவும் அந்தப் பொண்ணுக்கு உதவாது. கும்பிட்டது போதும், அண்ணியாவே இருந்தாலும் பாட்டு உண்டு, மூணே முக்காலுக்கு மைக்கைத் திறக்கணும்னு கழுகு எழுதினான்.

அப்ப குரல்தான். வேற என்ன இருக்கு? மைக் பொத்தான் திரையோட ஓரத்துல குறுக்குக் கோடு போட்டுச் சிவப்பா இருந்துச்சு, ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு, அதுல விரல் பட்டதே இல்லை. அமுக்கினா என்ன? ஒண்ணு, அண்ணா முடிஞ்சுது. நாளைக்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணுவே? ஷீபாவோட டிவி பார்ப்பியா? ரெண்டு வருஷமா எங்க பேச்சைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டவளா நீன்னு மொத்தப் பேரும் இவமேல பாய்வானுங்க. சின்ன வயசுல சித்தி வீட்டுக் கல்யாணத்துல மல்லீஸ்வரியைப் பாடச் சொல்லி நிக்க வச்சாங்க, தொண்டை அடைச்சுக்கிச்சு, அந்த அடைப்பு இப்பவும் அங்கேயேதான் இருக்கு. தும்பைக்கும் இந்நேரம் அப்படித்தான் அடைச்சிருக்கும். பாடப் போறா. நிச்சயம் பாடப் போறா. காலேஜுல தெரிஞ்சா அப்பன் படிப்பை நிறுத்திருவான்னு ஒரு தடவை எழுதியிருந்தா, அந்தப் பயத்துல பாடிருவா, பாடினதை இவனுங்க வெட்டி ஒட்டி வருஷம் பூரா போடுவானுங்க. அதுக்குச் சிரிக்கிற மூஞ்சி போட இவ இங்கேயே உட்கார்ந்திருப்பா, இதே படிக்கட்டுல, இதே வாடையோட. கீழே எவளோ பக்கெட்டை இழுத்துட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. போகட்டும், போனப்புறம் பேசலாம். போயிட்டா. இன்னொருத்தி வருவாளோ? வரட்டுமே, வந்து கேட்டா என்ன? தும்பையோட பேருக்குப் பக்கத்துல இருந்த குறுக்குக் கோடு மறைஞ்சுது. மைக்கைத் திறந்துட்டா. ஃபேன் சத்தம் வந்துச்சு, தூரத்துல ஒரு குக்கர் விசில், ஒரு பொண்ணு எச்சில் முழுங்குற சத்தம். முழுங்குறது கேட்டுச்சு. அதைக் கேட்டதும் எவனோ ஒருத்தன் மைக்கைத் திறந்து முத்தம் குடுக்குற மாதிரி சத்தம் போட்டான். மல்லீஸ்வரி விரல் அந்தச் சிவப்புப் பொத்தான்ல இறங்கிருச்சு.

"பாடாதம்மா," அப்படின்னா. "யாரும் பாட வேண்டாம். நாந்தான் கருமலையான். நான் பொம்பளை. அந்தப் பொண்ணை விடுங்க."

குரல் நடுங்கலை. அதுதான் ஆச்சரியம். தன் குரல் இத்தனை சாதாரணமா, பில் நம்பர் சொல்ற மாதிரி வரும்னு இவ நினைக்கவே இல்லை. படிக்கட்டுச் சுவத்துல பட்டு லேசா எதிரொலிச்சுது. கும்பிட்டுட்டிருந்தவனுங்க கும்பிட்டபடி நின்னானுங்க. முத்தம் குடுத்தவன் மைக்கை மூடிட்டான். இவளுக்கு ஒரு நிம்மதி, வாந்தி எடுத்து முடிச்சதும் வருமே, கண்ணுல தண்ணியோட ஒரு நிம்மதி, அது. இனி திட்டட்டும். என்ன வேணா திட்டட்டும், கேட்டுக்கலாம். திட்டுக்காகக் காத்துட்டிருந்தா. மின்னல்தான் மொதல்ல மைக்கைத் திறந்தான். அவன் குரலை இவ எத்தனையோ சண்டையில கேட்டிருக்கா, கத்தி, கெட்ட வார்த்தையில எதிரியோட அம்மாவைத் திட்டி. இது வேற குரலா இருந்துச்சு. பெரியவங்க முன்னாடி கைலியை இறக்கி விட்டுக்கிட்டு நிக்கிறவன் குரல்.

"வணக்கம் அண்ணி," அப்படின்னான். "கோவப்படாதீங்க அண்ணி. அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை. அவரு வாயில்லாத மனுசன், எங்களுக்குத் தெரியும்."

இவளுக்கு மொதல்ல புரியலை. அப்புறம்தான் புரிஞ்சுது, அண்ணன் கையில இருந்து போனைப் பிடுங்கின பொண்டாட்டின்னு இவளை நினைச்சுட்டானுங்க. இல்லை, நாந்தான் கருமலையான், அண்ணன்னு யாரும் இல்லை, எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னா. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அய்யோ பாவம்னு ஒருத்தன் முணுமுணுத்தது கேட்டுச்சு. கல்யாணமே ஆகலைன்னு சொல்ற அளவுக்கு அண்ணிக்கு மனசு விட்டுப் போச்சுன்னு இன்னொருத்தன் எழுதினான். ஆத்திரத்துல பேசுறாங்கடா, யாரும் எதிர்த்துப் பேசாதீங்கன்னு எவனோ சொன்னான். அப்புறம் ஒவ்வொருத்தனா வந்தான். மன்னிச்சிருங்க அண்ணி, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு. வீட்டுப் பொம்பளைங்க கேட்கிற மாதிரி பேசிட்டோம் அண்ணி, தப்புதான். சாப்டீங்களா அண்ணி. ரெண்டு வருஷம் இவ காதுல சாக்கடையைக் கொட்டின அதே வாய் அத்தனையும் ஒரே நிமிஷத்துல விபூதி பூசிக்கிட்டு வந்து நின்னுச்சு. இந்த மரியாதையைக் கேட்கக் கேட்கத்தான் இவளுக்கு நிஜமாவே குமட்டிக்கிட்டு வந்துச்சு, கெட்ட வார்த்தைக்கு இத்தனை குமட்டினதில்லை. இத்தனை நாளும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கானுங்க மரியாதையை. யாரோ ஒருத்தனோட பொண்டாட்டியா இருந்தா எடுத்து நீட்டுறதுக்கு. கழுகும் மைக்கைத் திறந்தான். அவன் குரல் இத்தனை மெத்துனு இருக்கும்னு தெரியாது.

"அண்ணி, நீங்க மனசை விட்றாதீங்க. குடும்பத்தைக் கெடுக்க வந்தவ அவ. அவளை நான் பார்த்துக்கறேன். இன்னிக்கே அவ காலேஜுக்குச் சேதி போகும்."

அய்யோ, அவ ஒண்ணும் பண்ணலை, டேய், கேளுங்கடான்னு இவ கத்தினா. படிக்கட்டு அதிர்ற மாதிரி கத்தினா. கத்தினதும் அந்தப் பக்கம் எல்லாரும் இன்னும் பணிவா ஆயிட்டானுங்க. சண்டை நேரம் ஆகப் போகுது, குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க அண்ணின்னு ஒருத்தன் கெஞ்சினான். அப்பத்தான் தும்பையோட செய்தி தனியா வந்துச்சு. அவசரத்துல அடிச்சது, பாதி எழுத்து விட்டுப் போயிருந்துச்சு. அக்கா, எங்கம்மா மேல சத்தியமா எனக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணுமே இல்லக்கா, நான் அவரை அண்ணான்னுதான் கூப்பிட்டேன், நீங்களே பழைய செய்தியெல்லாம் படிச்சுப் பாருங்கக்கா, உங்க கால்ல விழறேன், காலேஜுல சொல்ல வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்கக்கா. மல்லீஸ்வரி பதில் அடிச்சா. நான் அவர் பொண்டாட்டி இல்லைம்மா, நான்தான் அவருன்னு அடிச்சா. அனுப்புறதுக்கு முன்னாடி பார்த்தா, அந்த வரிக்குப் பக்கத்துல தாடியும் கோடாலியுமா அவன் மூஞ்சி. அழிச்சா. வேற மாதிரி அடிச்சா. அதுக்கும் பக்கத்துல அதே மூஞ்சி. குரல்லயே சொல்லிரலாம்னு தும்பைக்குத் தனியா அழைப்பு போட்டா. மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் அவ போன்ல என்ன தெரியும்? இந்தத் தாடிதான் முழுத் திரைக்கும் தெரியும். கட் பண்ணிட்டா. மறுபடி போட்டா. மறுபடி அவ கட் பண்ணிட்டா. மூணாவது தடவை போட்டப்போ, இந்த நபர் உங்களைத் தடை செய்துள்ளார்னு வந்துச்சு. முற்றத்துல அந்த வெள்ளைத் துணிக்காரி நின்ன இடத்துல வெறும் கல்லுதான் இருந்துச்சு.

மைக்கை மூடினாளா, அதுவா மூடிக்கிச்சா, தெரியலை. அந்த ஒரு வார்த்தையை நேத்தே, சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். கீழே வார்டன் அம்மா யாருடி அங்கே மாடிப்படியில கத்துறதுன்னு கேட்டாங்க. கோட்டைக்கு மேல கொம்பு ஊதுச்சு. எதிரி வந்துட்டான், வடக்குல ஏணி சாத்துறான், தெற்குலயும் தூசி கிளம்புது. பசங்க எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முட்டிக்கிட்டு நின்னானுங்க. மின்னல் ரொம்ப மெதுவா, யாரையும் புண்படுத்திறக் கூடாதுங்கிற கவனத்தோட பேசினான். அண்ணே, அண்ணி உள்ள போயிட்டாங்களா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே, எங்களுக்குப் புரியுது, எந்த வாசல்னு ஒரு புள்ளி மட்டும் வைங்க போதும்னான். போனைக் கீழ வைக்கணும்னு மல்லீஸ்வரி நினைச்சா. தூக்கி மொட்டை மாடிக்கு அந்தப் பக்கம் எறியணும்னு நினைச்சா. வடக்குல ஏணி சுவத்தைத் தொட்டுருச்சு. அப்படியே விட்டா கோட்டை போயிரும், போகட்டும், நாசமாப் போகட்டும்னு நினைச்சுக்கிட்டே இருந்தா. நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே கட்டைவிரல் வடக்கு வாசல்ல போய் ஒரு சிவப்புப் புள்ளி வச்சுது. மொத்தப் பேரும் ஓன்னு கத்திக்கிட்டு அந்தப் பக்கம் ஓடினானுங்க.

"அண்ணன் வந்துட்டாருடா," அப்படின்னான் மின்னல்.